வதிவு அறுந்த பின்னும்: மன்னார்க் கரையில் ஊர்ப்பற்றும் பொதுச்செயற்பாடும்

ஓர் ஊரில் எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறோம் என்பதே அவ்வூர்மீதான பற்றை முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்று சமூகவியலாளர்களான கசார்டாவும் ஜனோவிட்ஸும் 1974இல் வாதிட்டனர். இங்கிலாந்தில் திரட்டிய தரவு அவர்களின் ஆதாரம். நீண்ட வதிவால் உறவுகள் பெருகும், உறவுகளால் ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபாடு வளரும் என்ற இவ்வரிசை பின்வந்த ஆய்வுகள் பலவற்றிலும் நிலைத்துவிட்டது. இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் அது முதற்படியிலேயே முறிகிறது. இங்கு போர் வதிவை அறுத்தது, ஈடுபாடு அறவில்லை. ஊர்ப்பற்றைப் பொதுச்செயலாக்குவது உறுப்புரிமையே என்பது என் வாதம். கத்தோலிக்கப் பங்கின் குடும்பப் பதிவு, பள்ளிவாசலைச் சார்ந்த சமூகமான மஹல்லா, கடற்றொழிலாளர் சங்கம், வாக்காளர் இடாப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்றில் பெயர் நிலைத்திருக்கும்வரை, இல்லாத ஊருக்காகவும் மக்கள் செயற்படுகிறார்கள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னாரின் எருக்கலம்பிட்டி, உப்புக்குளம் முதலிய ஊர்களின் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக் கரையை அடைந்து புத்தளத்தில் தங்கினர். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், வெளியேற்றப்பட்டவர்களின் இழப்புகளை ஆவணப்படுத்துவதில் பல்லாண்டுகள் உழைத்தார். திரும்பிச் செல்வதற்கான உரிமையைக் கணக்கோடு முன்வைத்த அந்த உழைப்பையே ஊர்ப்பற்று எடுத்த குடிமைச் செயல்களில் முதன்மையானதாக நான் கருதுகிறேன். 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இடம்பெயர்ந்தோர் சொந்த மாவட்ட இடாப்பில் பதிவுபெற வழிசெய்தது. 2019 நவம்பர் 16 அன்று சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் புறப்பட்ட பேருந்துத் தொடர்மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நீங்கிய மாவட்டத்தில் வாக்களிக்க இரவில் பயணம் செய்த இவர்களின் ஈடுபாட்டை வதிவுக்காலத்தைக் கொண்டு எப்படி விளக்குவது? இந்தப் பற்றுக்கு விலையும் உண்டு. மன்னார் இடாப்பில் பெயரை வைத்திருப்பவருக்கு, தான் குடிக்கும் நீரையும் நடக்கும் வீதியையும் நிருவகிக்கும் புத்தளப் பிரதேச சபையைத் தெரிவுசெய்ய வாக்கில்லை.

உறுப்புரிமையின் இதே வலிமையைப் பங்கிலும் காணலாம். மன்னாரின் முசலிப் பிரிவில் உள்ள முள்ளிக்குளம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். 2007இல் அதன் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; ஊர் கடற்படைத் தளமாயிற்று. 2012இல் ஒரு பகுதியினர் அருகிலுள்ள மலங்காட்டில் குடியேறினர். வீடும் வயலும் தளத்துக்குள் இருந்தன. ஆலயமும் அங்கேயே இருந்தது, அனுமதி பெற்று வழிபடச் சென்றனர். 2017 மார்ச் 23இல் தொடங்கிய அவர்களின் தொடர் போராட்டம், 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற கடற்படையின் உறுதிமொழியோடு ஏப்ரல் 29இல் நின்றது. பத்தாண்டு சிதறியிருந்தவர்களை ஒரே பந்தலின் கீழ் கூட்டியது பங்கு. தரையிழந்த ஊர், பங்காக உயிரோடிருந்தது.

உறுப்புரிமை கூட்டுவதைப் போலவே விலக்கவும் செய்யும். போரால் விடத்தல்தீவிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் மீனவர்கள் மன்னார் நகரக் கரையில் தொழில் செய்துவந்தனர். அதே இறங்குதுறைக்கு உப்புக்குளம் முஸ்லிம்கள் திரும்பி உரிமை கோரினர். 2012 யூலையில் பிணக்கு முற்றி, மன்னார் நீதிமன்றத்தின்மீது கல்லெறியும் நடந்தது. இரு தரப்பும் இடம்பெயர்ந்தோரே. இரு தரப்பின் பற்றும் உண்மையானது. ஒரே மணல்மீது இரண்டு பெயர்ப் பட்டியல்கள் இருந்தன. ஊர்ப்பற்றை இயல்பாகவே நற்பண்பாகக் கொள்ளும் ஆய்வாளர் இந்த நிகழ்வைக் கடந்துதான் பேச வேண்டும்.

ஆகவே 2025இன் காற்றாலை எதிர்ப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி காற்றாலைப் பண்ணை மன்னாரில் திறக்கப்பட்டபோது இத்தகைய பரந்த எதிர்ப்பு எழவில்லை. 2025 ஓகஸ்டில் புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் நகரில் கூடியவர்களுள் கத்தோலிக்கக் குருக்கள், இந்துக்கள், முஸ்லிம்கள், மீனவர் சங்கத்தினர் எனப் பலரும் இருந்தனர். செப்டம்பர் 26 இரவு பொலிஸார் பலம் பிரயோகித்தனர். 29ஆம் திகதி மாவட்டமே கதவடைத்தது. இதைத் தன்னல எதிர்ப்பு என்று ஒதுக்குவது எளிது. ஊர்ப்பற்றுள்ளவர்களுக்குத் தம் இடம் உருமாறுவது அடையாளத்துக்கு அச்சுறுத்தல் என்று ஆய்வாளர் டிவைன்-ரைட் 2009இல் வாதிட்டது இங்கும் பொருந்தும். ஆனால் மன்னாருக்கு அது மட்டும் போதாது. காற்றாலைகளும் அகழ்வும் தடுக்கும் என்று மக்கள் அஞ்சுவது மழைவெள்ளம் வடியும் வழியை; தாழ்ந்த மணல் தீவில் அது ஓர் ஊருக்குத் தனியாக உரியதன்று. எருக்கலம்பிட்டியில் தேங்கும் நீரும் பேசாலையில் தேங்கும் நீரும் ஒரே கேள்வியை எழுப்புகின்றன. தனித்தனிப் பட்டியல்கள் இணைந்தது அச்சத்தால் மட்டுமன்று, நிலத்தின் அமைப்பாலும்தான். 2012இல் பிரித்த கரை 2025இல் கூட்டியதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

இத்தகைய திட்டங்களுக்கான சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 30 வேலைநாளுக்குள் எழுத்தில் கருத்துரைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்த எழுத்து வடிவம் தனிமனிதரின் கடிதத்துக்கே எளிதில் பொருந்துகிறது. மன்னார் மக்களோ பங்காகவும் சங்கமாகவும் பேசிப் பழகியவர்கள். எனவே அவர்களின் குரல் கோவையில் சேராமல் வீதியில் ஒலிக்கிறது. மக்களின் ஒப்புதலைக் கேட்கும் நடைமுறை எதுவாயினும், சங்கங்களும் பங்குகளும் பள்ளிவாசல்களும் கூட்டாக அளிக்கும் கருத்தைப் பதிவேட்டில் ஏற்க வேண்டும். கேட்கும் கூட்டங்கள் மன்னார் நகரோடு நிற்காமல், மன்னார் இடாப்பில் பெயருள்ளவர்கள் இன்னும் வாழும் புத்தளத்திலும் மலங்காட்டிலும் நடைபெற வேண்டும்.