கீழக்குயில்குடி மலையில் மாணாக்கர் பெயர்கள்

மதுரையில் மூன்று வருடம் படித்துவிட்டு, மேற்கே நிற்கிற அந்தப் பாறை மலையில் ஒரு தடவைகூட ஏறாமல் ஊர் திரும்பியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம், அழகர்கோயில் - இத்தோடு நம்ம ஊர் சுற்றல் முடிந்துபோகும். மிச்ச நேரம் சினிமா கொட்டகைக்கே சரியாக இருந்தது! ஆனால் பழைய மாணவர் சங்கம் என்று ஒன்று கூடுகிற நாளில், இந்த மலையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காரணம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே யார் யாருடைய மாணாக்கர் என்று பெயரோடு கல்லில் வெட்டி வைத்த இடம் அது.

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டிய மலைதான் சமணமலை. அடிவாரத்தில் அய்யனார் கோயில், கருப்பசாமி, ஆலமரங்கள், தாமரைக் குளம். அதிகாலையில் போய்விட்டால் வெயில் ஏறுவதற்குள் உச்சியைத் தொட்டுவிடலாம். சாவகாசமாகப் பார்க்க வேண்டுமானால் ஒரு பகல் முழுக்க ஒதுக்குங்கள். ஏற்றம் கடினமில்லை, மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

மேலே ஏறுமுன் மலையின் தென்மேற்குப் பக்கமாக நடந்தால் ‘செட்டிப்பொடவு’ வரும். பொடவு என்றால் குகை. வாசலருகே பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம், முக்குடைக்குக் கீழே அமர்ந்த கோலத்தில். நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் இவரைச் ‘செட்டியார்’ ஆக்கிவிட்டார்கள்! உள்ளே குகையின் வளைந்த கூரையில் ஐந்து சிற்பங்கள். அவற்றில் ஒன்றில் சிங்கத்தின் மேலேறி வில்லேந்திய இயக்கி, யானைமேல் வரும் வீரனை எதிர்க்கிறாள். அகிம்சை பேசிய சமயத்தின் குகையில் போர்க்காட்சியா என்று கேட்கத் தோன்றும். நின்று பாருங்கள், சின்னச் சிற்பம்தான், ஆனால் சிங்கத்தின் வேகம் அப்படியே தெரியும்.

பிறகு அய்யனார் கோயிலுக்கே திரும்பி வந்து மேலே ஏற வேண்டும். பாதி உயரத்தில் ‘பேச்சிப்பள்ளம்’. வற்றாத சுனை என்று ஊரார் சொல்லும் சுனை ஒன்று இங்கே இருக்கிறது. அருகே பாறைச் சுவரில் வரிசையாக எட்டு உருவங்கள்: ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர நிற்கும் பாகுபலி, மகாவீரர் என்று. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பலரும் சிற்பத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சமாசாரமே கீழே இருக்கிற எழுத்தில்தான் இருக்கிறது.

ஒரு கல்வெட்டு, இந்தப் பள்ளியை உடைய குணசேனதேவரையும், அவர் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதரையும், அவருக்கும் மாணாக்கரான குணசேனப் பெரியடிகளையும் வரிசையாகச் சொல்லி, அந்த மூன்றாமவர் செய்வித்த திருமேனி இது என்று முடிகிறது. மூன்று தலைமுறை ஆசிரியர், மாணவர்! பேரன் முறையில் வரும் மாணவருக்கு ஆதி ஆசிரியரின் பெயரே இருப்பதையும் கவனியுங்கள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளியிலிருந்து வந்தவர்களின் பெயர்களும் இம்மலையில் உண்டு. சமணத் துறவியர் தங்கிய இடத்துக்குப் ‘பள்ளி’ என்று பெயர். அங்கே எழுத்தும் சமயமும் கற்பித்தார்கள். இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் போகும் இடத்துக்கும் அதே சொல்தான். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை யாராவது கல்லில் வெட்டினால் எப்படி இருக்கும்? (சந்தா பாக்கியையும் சேர்த்து வெட்டிவிடுவார் நம் பொருளாளர்.)

இன்னொரு உருவத்தைச் செய்வித்தவர் ஒரு தாய். பெயர் குணமதியார். அச்சணந்தியின் தாயார் என்று கல்வெட்டு அவரைச் சொல்கிறது. அச்சணந்தி சாமானியர் அல்லர். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டிநாட்டில் சமணத்துக்கு மறுபடி உயிர் கொடுத்த ஆசிரியர். யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், ஐவர்மலை என்று மலைமலையாக அவர் பெயர் இருக்கிறது. வீட்டைத் துறந்து போன மகன்தான். ஆனாலும் ‘அச்சணந்தி தாயார்’ என்று சொல்லிக்கொள்ள அந்த அம்மாவுக்கு ஆசை இருந்திருக்கிறது; அதை எழுதவும் சமயம் தடை சொல்லவில்லை. எனக்கு இந்த மலையில் மிகப் பிடித்த வரி அது.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி இருந்த இடம். பாண்டியர் காலத்துக் கட்டடம். இப்போது அடித்தளம் மட்டும் மிச்சம். அதையும் தாண்டி வழுக்குப் பாறையில் ஏறினால் விளக்குத்தூண் நிற்கும் முகடு. அங்கே கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மூலசங்கத்துத் துறவியர் பெயர்களும், பெளகுள என்று சிரவணபெளகொளாவும் அதில் வருகின்றன. அவ்வளவு தூரத்திலிருந்து இந்த மொட்டைப் பாறைக்கு ஆள் வந்திருக்கிறது என்றால் மதுரைப் பள்ளியின் பேர் அப்படி. முகட்டிலிருந்து வடக்கே நாகமலை ஒரே நீளமாகப் படுத்திருக்கும். கிழக்கே மதுரை நகரம், தென்கிழக்கே பரங்குன்றம், வானம் தெளிவாக இருந்தால் தொலைவில் யானைமலை. காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகளை ஓரத்துக்கு விடாதீர்கள்.

இந்த மலைகளைப் பற்றித் திருவிளையாடற் புராணம் சொல்லும் கதை நமக்குத் தெரியும். சமணர் ஏவிய யானை யானைமலையாயிற்று, நாகம் நாகமலையாயிற்று, பசு பசுமலையாயிற்று. கதையில் சமணர் வில்லன்கள். ஆனால் அடிவாரத்து ஜனங்கள் அந்தச் சமணர் சிலைகளை என்ன செய்தார்கள்? உடைக்கவில்லை. தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றார்கள், எட்டு உருவங்கள் இருக்கும் பள்ளத்துக்குப் பேச்சியின் பேரை வைத்தார்கள். சமணர் போன பின்பு தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை வருகிறவரை எத்தனையோ நூறு ஆண்டுகள் மலையைக் காத்தது இந்தப் பெயர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு ஒரு முன்கதையும் கல்லிலேயே இருக்கிறது. கனகவீரப் பெரியடிகள் என்ற துறவி ஒரு திருமேனியைக் ‘குயிற்குடி ஊரார்’ பேரால் செய்வித்தார் என்று இங்குள்ள மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. அதைக் காக்கும் பொறுப்பு பள்ளிச் சிவிகையாருக்கு என்றும் சொல்கிறது. அந்தக் குயிற்குடிதான் இன்றைய கீழக்குயில்குடி. இதே ஊரை வெள்ளைக்காரன் எப்படி எழுதி வைத்தான் தெரியுமா? குற்றப்பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பக்கம் கொண்டுவந்தபோது, 1914-இல் முதலில் அறிவிக்கப்பட்ட ஊர் கீழக்குயில்குடி. ரேகை பதிவு, இரவில் ஊரைவிட்டு நகரத் தடை, எல்லாம் அனுபவித்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. வரலாறு எடுத்துப் படிக்கும் மாணவர்கள் மலைமேல் இருப்பதோடு இதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா மலைக்கும் இந்த யோகம் இல்லை. மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதும், 2014-இல் உயர்நீதிமன்றம் திரு. உ. சகாயத்தை விசாரிக்க நியமித்ததும் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது நரசிங்கம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’ அந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாகப் பிறந்தது. மதுரை மலைகளுக்கு ஆயிரக்கணக்கானோரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, 2024-இல் டங்ஸ்டன் ஏலப் பகுதிக்குள் வந்தது. கிராமத்து ஜனங்கள் திரண்டு மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அங்கேயும் தமிழி கல்வெட்டு உண்டு, தீர்த்தங்கரர் உண்டு, சாமி கும்பிடும் ஊரும் உண்டு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். கல்வெட்டின் மேல் சாக்பீஸ் தேய்த்துப் படிக்கிற பழக்கம் நம் காலத்து மாணவர்களுக்கு இருந்தது, அது கூடவே கூடாது. காலை, மாலைச் சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெளிவாகத் தெரியும். வெ. வேதாசலம் எழுதிய ‘எண்பெருங்குன்றம்’ நூலை முதலில் படித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. இறங்கிய பிறகும் காலில் தெம்பிருந்தால் முத்துப்பட்டிப் பக்கம் போய்விட்டு வாருங்கள். அங்கே பெருமாள்மலையில் கற்படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழி எழுத்தும் இருக்கின்றன. அதில் ‘முசிறி’ என்ற பெயர் வருகிறது.