வானொலிப் பேழை மெருகூட்டல்

வானொலிப் பேழை மெருகூட்டல் என்பது பழைய வால்வு வானொலிகளின் மரப் பேழையைத் தூய்மை செய்து, பழுது நீக்கி, மீண்டும் மெருகு பூசும் கைத்தொழில் ஆகும். மர்பி, பிலிப்ஸ், புஷ் முதலிய நிறுவனங்கள் 1930களிலிருந்து 1950கள் வரை இத்தகைய வானொலிகள் பலவற்றை விற்றன.

புதுக்கோட்டைப் பகுதியில்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. அப்பொழுது புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தது. செட்டிநாடு இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ளது. இராயவரம் போன்ற ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கும். இப்பகுதியின் பழைய வீட்டுப் பொருட்கள் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விற்கப்படுகின்றன.

பேழையின் அமைப்பு

பெரும்பாலான பேழைகள் முழு மரத்தால் ஆனவை அல்ல. ஒட்டுப்பலகையின் மேல் தேக்கு, வால்நட் போன்ற மரங்களின் மெல்லிய மேலொட்டு (வெனீர்) ஒட்டப்பட்டிருக்கும். இதன் தடிப்பு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே இயந்திரத்தால் தேய்த்தால் மேலொட்டு தேய்ந்து அடிப்பலகை வெளிப்படும். இவ்விழப்பைச் சரிசெய்வது கடினம்.

மெருகை அறிதல்

கண்ணில் படாத இடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் இட்டுப் பார்க்க வேண்டும். பூச்சு இளகினால் அது அரக்கு மெருகு ஆகும். ஸ்பிரிட்டில் இளகாமல் தின்னரில் இளகினால் அது நைட்ரோசெல்லுலோசு பூச்சாக இருக்கலாம். தொழிற்சாலைப் பேழைகள் பலவற்றில் இப்பூச்சே தெளிக்கப்பட்டது.

செய்முறை

* மின் இணைப்பை நீக்க வேண்டும். மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம் என்பதால், அறிந்தவரைக் கொண்டே உட்பகுதியை வெளியே எடுக்க வேண்டும்.
* அலைவரிசைக் கண்ணாடியின் எழுத்துகள் பின்புறம் அச்சிடப்பட்டவை. அப்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் அவை அழிந்துவிடும்.
* அழுக்கை முதலில் மென்சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அகற்ற வேண்டும். பல பேழைகளுக்கு இதுவே போதுமானது.
* உரிந்த மேலொட்டை வச்சிரப் பசையால் ஒட்டி, பாரம் வைத்து உலரவிட வேண்டும்.
* வெடிப்புற்ற அரக்கு மெருகை முழுவதும் சுரண்டத் தேவையில்லை. ஸ்பிரிட் தோய்ந்த துணியால் மெல்லத் தேய்த்தால் பழைய அரக்கே இளகிப் பரவும்.
* மெருகு முற்றிலும் கெட்டிருந்தால் மட்டும் அதை நீக்கி, நுண்ணிய உப்புத்தாளால் மரத்தின் இழையோட்டத்தில் கையால் தேய்த்து, பஞ்சு பொதிந்த துணியால் அரக்குக் கரைசலைப் பல மெல்லிய படலங்களாகப் பூச வேண்டும். இது பிரெஞ்சு பாலிஷ் எனப்படும்.

காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். எனவே வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை நாட்களில் இதனைத் தவிர்ப்பது நல்லது.

எச்சரிக்கை

சில பேழைகளின் உட்புறத்தில் வெப்பம் தடுக்கக் கல்நார் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதனைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. ஸ்பிரிட்டும் தின்னரும் எளிதில் தீப்பற்றுவன. காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்த வேண்டும்.

காப்பதும் புதுப்பிப்பதும்

தயாரிப்பாளரின் மெருகும் முத்திரையும் வானொலியின் வரலாற்றுச் சான்றுகள் ஆகும். அவை ஒருமுறை அகற்றப்பட்டால் மீண்டும் கிடைப்பதில்லை. ஆகவே தூய்மை செய்தல், மெருகை மீட்டல், புதிதாகப் பூசுதல் என்ற வரிசையில், முந்தியது பயன்தராதபோது மட்டுமே அடுத்ததை மேற்கொள்வது முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* அரக்கு
* தச்சுத் தொழில்
* செட்டிநாடு