கராம்பு மரமும் காணியுரிமையும்

மலையகத்தின் வரலாறு கோப்பியினதும் தேயிலையினதும் வரலாறே என்பது பொதுவான எண்ணம். ஆயினும் லயங்களின் முற்றத்தில் வளராது போன ஒரு மரத்தின் வழியாகவும் அவ்வரலாற்றை நோக்கலாம். அம்மரம் கராம்பு.

மலுக்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் என்றும் பசுமை மாறாதது. ஒல்லாந்தர் இதனை அம்போன் பகுதிக்குள் அடக்கித் தனியுரிமை கொண்டாடினர். 1770 இல் பிரெஞ்சுக்காரரான பியர் புவாவ்ரின் முயற்சியால் கன்றுகள் மொறீசியசை அடைந்தன, அத்தனியுரிமையும் தளர்ந்தது.

இலங்கையில் கராம்பு சிறந்து விளங்குவது கண்டிய வீட்டுத்தோட்டங்களிலேயாகும். மேலே தென்னையும் கித்துளும், அவற்றின் கீழே பலாவும் கராம்பும் சாதிக்காயும், மரத்தைப் பற்றியேறும் மிளகுக்கொடி, நிழலில் இஞ்சியும் மஞ்சளும் என அடுக்கடுக்காய் அமைந்த உணவுக்காடு அது. அங்கு நட்ட கராம்பு ஆறேழு ஆண்டுகள் கழிந்தே பூக்கத் தொடங்கும். மொட்டு விரியுமுன், செம்மை படரும் பருவத்தில் கொய்து, காம்பு நீக்கி, வெயிலில் உலர்த்துவர். சுமார் மூன்று கிலோ பச்சை மொட்டு ஒரு கிலோவாக வற்றும். கறிக்கும் பல்வலிக்கும் உதவுவதோடு, குடும்பத்தின் கைக்குப் பணமாகவும் அது வந்து சேரும். காத்திருக்க இயன்றவனுக்கே இம்மரம் பயன் தரும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் பயிரிடப்படாத நிலமும் மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. அவ்வாறு கைமாறிய மலைச்சரிவுகளில் பெருந்தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது; அதுவும் வேலையோடு பிணைந்ததே. சில மாதங்களில் விளையும் கீரையும் காய்கறியும் அவர்கள் பயிரிட்டனர். பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய மரத்தை நடுவதற்கு வேண்டிய உறுதி அவர்களிடம் இருக்கவில்லை.

காலநிலையே இதற்குக் காரணம் என வாதிடலாம். நுவரெலியா, ஹற்றன் ஆகிய உயர்நிலங்களின் குளிர் கராம்புக்கு ஏற்றதன்று என்பது உண்மையே. ஆயின் கொத்மலை போன்ற தாழ்ந்த சரிவுகளில் கிராமத் தோட்டத்திற்கும் லயத்திற்கும் மழையும் மண்ணும் பெரிதும் ஒன்றே. வேறுபட்டது உரிமை ஒன்றே.

1948 இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களைப் பெரும்பான்மையும் நாடற்றோராக்கியது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. கப்பலேற வேண்டிவருமோ என்றிருந்தவர் கன்று நடுவதெங்ஙனம்? 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின, தொழிலாளரை நிலவுடைமையாளராக்கவில்லை.

அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்திற்கு 7 பேர்ச் நிலம் ஒதுக்கப்பட்டுள்ளது. அது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக எஞ்சுவதில், இருபதடி இடைவெளி வேண்டும் கராம்பு மூன்றுக்கே இடமுண்டு. ஓர் உணவுக்காட்டிற்கு இது போதாது. எனினும், நட்டவரின் பிள்ளைகளே மொட்டுக் கொய்வர் என்னும் நிலை சட்டத்தால் உறுதிசெய்யப்படுமாயின், அம்மூன்று மரங்களும் மலையக வரலாற்றில் ஒரு திருப்பமேயாகும்.