இடம் மாறிய மாரியம்மன்

சுருவில், வேலணைப் பக்கத்துப் பழைய குடும்பங்களோடு பேச்சுக் கொடுத்தால், கதை சீக்கிரமே கடல் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியாரான இவர்களில் பலர் தென்னிலங்கையில் கடை போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இங்கிலிஷ் படித்தவர்கள் மலாயாவில் ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் போய், வயதான பிறகு மலாயன் பென்சனோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் போய் இறங்கிய கோலாலம்பூரில் ஒரு மாரியம்மன் கோயில் ஏற்கெனவே இருந்தது. அது ஒரு வியாபாரியின் குடும்பக் கோயில்.

அந்த வியாபாரி காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை. 1850 இல் சிங்கப்பூரில் பிறந்து, ராஃபிள்ஸ் பள்ளியில் படித்து, டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். டேவிட்சன் சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆனதும் தம்புசாமியும் கூடவே வந்து திறைசேரியில் தலைமை எழுத்தரானார். பிறகு அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வெள்ளீயச் சுரங்கத்தில் இறங்கினார். ரவாங்கில் சீன வியாபாரி லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து, சுரங்கத் தண்ணீரை மின்சாரப் பம்பு வைத்து இறைத்தார். அந்த நாளில் அது பெரிய துணிச்சல்.

கோலாலம்பூரோ அப்போது ஊராகவே இல்லை. 1857 இல் வெள்ளீயம் தேடி வந்த சீனத் தொழிலாளர்களால் கிளாங், கோம்பாக் ஆறுகள் கூடும் சேற்றில் முளைத்த குடியிருப்பு அது. உள்நாட்டுச் சண்டையில் அழிந்து எழுந்தது. 1881 இல் தீயும் வெள்ளமும் மறுபடி அழித்தன. கோயிலின் வரலாறு 1873 இல், பின்னாளில் ரயில் நிலையம் வந்த இடத்துக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. 1885 இல் அம்மன் ஹை ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறினாள். அங்கேயும் முதலில் அத்தாப்பு ஓலைக் கொட்டில்தான். 1887 இல் அதைப் பிரித்துச் செங்கல்லால் கட்டினார்கள். தீக்குப் பயந்த அரசாங்கம் ஊர் முழுவதையும் ஓலையிலிருந்து செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. கோயிலும் ஊரும் சேர்ந்தே கெட்டிப்பட்டன.

1891 இல் தம்புசாமி பத்துமலைக் குகையில் முருகனின் வேலை நாட்டினார். அடுத்த ஆண்டே அங்கே தைப்பூசம் தொடங்கியது. 1902 இல் அவர் காலமானார்.

இந்தக் கோயிலின் மிகப் பெரிய இடமாற்றம் அதற்குப் பிறகுதான் நடந்தது என்பது என் எண்ணம். குடும்பத்துக்கென்றே இருந்த சந்நிதி 1920களின் கடைசியில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. காலப்போக்கில் நிர்வாகமும் குடும்பத்தின் கையை விட்டுப் பொதுவுக்குப் போனது. முதலாளி தன் காசில் கட்டிய கோயிலில் கூலிக்காரனும் உரிமையோடு நின்று கும்பிடலாம் என்றானது. தம்புசாமியின் பெயர் இன்றும் நிலைப்பதற்கு அவருடைய சுரங்கங்களை விட இதுவே காரணம். செங்கல் கட்டடத்தைக்கூட 1968 இல் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பிறகு எழுந்த ஐந்து நிலை ராஜகோபுரத்தைத்தான் இன்று போகிறவர்கள் பார்க்கிறார்கள். தைப்பூசத்துக்கு முருகனின் தேர் இங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படுகிறது.

கனடாவிலும் லண்டனிலும் நம்மவர்கள் கோயில்களை எழுப்பியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கட்டிய தலைமுறை உயிரோடு இருக்கும்போதே, கணக்கையும் திறப்பையும் சனத்தின் கையில் கொடுத்துவிடுங்கள்.