தெக்காணத்து ராட்சதர்கள் – 7: தலையைக் காணோம்!

ஆர்கெலானின் வலப் பின்துடுப்பைக் கடித்தது யார்?

போன வாரம் இங்கேதான் நிறுத்தினோம். 1895இல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் அந்த ராட்சதக் கடலாமையைக் கண்டெடுத்த ஜார்ஜ் வீலண்ட், அது சிறிதாக இருந்தபோதே எதுவோ துடுப்பைக் கடித்துத் துண்டித்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். மோசசாரஸ் என்ற கடற்பல்லி செய்திருக்கலாம், சுறாவும் செய்திருக்கலாம். சாட்சி சொல்ல ஆளில்லை. மூன்று துடுப்போடே வளர்ந்து ஆளானது அந்த ஆமை. வழக்கை மூடிவிடுவோம்.

சரி, நம் தெக்காணத்தில் இப்படியொரு ஆமை நீந்தியதா? பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் ‘கோட்டா’ என்றொரு பாறையடுக்கு உண்டு. வயதில் ஆர்கெலானைவிடச் சுமார் 10 கோடி ஆண்டு மூத்தது. அப்போது அங்கே கிடந்தது ஆறும் ஏரியும்தான், கடல் அல்ல. ஆமையும் இருந்தது. 2000இல் அதற்கு இண்டோகெலிஸ் என்று பெயரிட்டார்கள். நன்னீர் ஆமை, ராட்சதன் இல்லை.

ராட்சதன் கரையில் நடந்துகொண்டிருந்தான்.

1970களின் கடைசியில், அன்றைய அதிலாபாத் மாவட்டத்து யாமன்பள்ளி கிராமத்தருகே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் தோண்டினார்கள். எலும்புக்கு மேல் எலும்பாக வந்துகொண்டே இருந்தது. மொத்தம் சுமார் 840. பிரித்துப் பார்த்தால் ஒரு விலங்கல்ல, ஏறக்குறைய 12! நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் கொண்ட தாவர உண்ணி டைனோசர்கள். 1988இல் தொல்லுயிர் ஆய்வாளர் யாதகிரி அந்த இனத்துக்குக் கோட்டாசாரஸ் யாமன்பள்ளியென்சிஸ் என்று பெயர் வைத்தார். பாறையின் பெயரும் ஊரின் பெயரும் சேர்ந்த பெயர். ஒரு குக்கிராமத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா?

அந்த எலும்புகளைக் கோத்து நிறுத்திய உருவம் இன்று ஹைதராபாத் பி.எம். பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. நீளம் 44 அடி, உயரம் 16 அடி. குழந்தைகள் அண்ணாந்து முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சிக்கலே அந்த முகத்தில்தான். கால் கிடைத்தது, முதுகெலும்பு கிடைத்தது, ஒன்றிரண்டு பற்கள்கூடக் கிடைத்தன. ஆனால் 12 விலங்குகளில் ஒன்றுக்குக்கூட மண்டை ஓடு இல்லை! ஹைதராபாத்தில் நாம் பார்க்கும் தலை, ஊகித்துச் செய்து பொருத்திய தலை.

பன்னிரண்டு தலைகளும் எங்கே போயின? கூட்டமாக அவை ஒரே இடத்தில் செத்துக் கிடந்தது எப்படி? அடுத்த வாரம் யாமன்பள்ளி மண்ணையே விசாரிப்போம். அதற்குள் ஹைதராபாத் போக நேர்ந்தால், அந்த அறிவியல் மையம் இருக்கும் நௌபத் பஹாட் குன்றில் ஏறி அந்தத் தலையை ஒருமுறை நன்றாகப் பார்த்து வையுங்கள்.

(தொடரும்)