செறாயியில் ஒரு பந்தி

கொச்சிக் கழிமுகத்தின் வடபால் நீண்டு கிடக்கும் வைப்பின் தீவைப் படகிலிருந்து கண்டு பழகிய நாம், அதன் வடபகுதியிலுள்ள செறாயியை நினைப்பது அரிது. நலவாழ்வு குறித்து எழுதுவோர் எதை உண்பது என்றே பெரிதும் கூறுவர். யாரோடு உண்பது என்னும் வினாவை எழுப்பியது அவ்வூர்.

1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், அவ்வூரினரான கே. அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தினார். பலாக்கொட்டையும் கடலையும் சேர்ந்த எளிய உணவுதான். உடனிருந்து உண்டவரைக் கண்டே ஊர் கொதித்தது. ஈழவராகிய தம்மவரே அவரை விலக்கிவைத்தனர். 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினர். அவரோ அதனைப் பட்டமாகவே ஏற்றார்! நாராயண குருவும் அவருக்குத் துணைநின்றார்.

அவ்வாண்டே நம் மட்டாஞ்சேரியிலிருந்து அவர் தொடங்கிய இதழின் பெயர் 'சகோதரன்'. பின்னர் அமைச்சரான போதும் அவர் சகோதரன் அய்யப்பனே.