மிதவை வானூர்தி இருக்கை மாற்றியமைப்பு

மிதவை வானூர்தி இருக்கை மாற்றியமைப்பு என்பது, கிளைடர் எனப்படும் மிதவை வானூர்தியை உருவத்திலோ எடையிலோ சிறிய விமானி ஒருவர் பாதுகாப்பாக இயக்கும் பொருட்டு, அதன் இருக்கையையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் சரிசெய்வதாகும். ஒரு தலையணை வைத்தால் முடிந்துவிடும் வேலையாகத் தோன்றினாலும், தவறான தலையணை உயிருக்கே ஆபத்தாகலாம்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்க வான்படை 1950 இல் தன் விமானிகளின் உடல் அளவுகளைத் திரட்டியது. அவர்களுள் 4,063 பேரின் 10 அளவுகளை கில்பர்ட் டேனியல்சு ஒப்பிட்டபோது, பத்திலும் சராசரியாக அமைந்தவர் ஒருவர்கூட இல்லை எனத் தெரிந்தது. சராசரி மனிதருக்கென அமைத்த இருக்கை எவருக்கும் பொருந்தாது என்பதே இதன் பொருள்.

இந்திய வான்படை விமானிகளுக்குக் குறைந்தது 162.5 செ.மீ. உயரத்தையும் 99 செ.மீ. கால் நீளத்தையும் பொதுவாக வேண்டுகிறது. அதாவது விமானியறைக்கேற்ப ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. கிளைடர் பயிற்சிக்கு வருவோரில் பதின்ம வயதினர் பலர். தேசிய மாணவர் படைக்காக இந்துசுத்தான் ஏரோநாட்டிக்சு நிறுவனம் தயாரித்த ஆர்த்ரா என்னும் ஈரிருக்கைக் கிளைடர் 1979 இல் முதலில் பறந்தது. 1959 இல் இந்தியா வந்து நேருவைக் கிளைடரில் அழைத்துச் சென்ற செருமானிய விமானி அன்னா ரைட்சு ஏறத்தாழ ஐந்தடி உயரமே உடையவர்.

எட்டும் தூரம்

சுக்கான் மிதியை முழுவதும் அழுத்தவும், கட்டுப்பாட்டுத் தண்டை முன்கோடி வரை தள்ளவும், இழுவைக் கயிற்றை விடுவிக்கும் மஞ்சள் நிறக் குமிழை இழுக்கவும் விமானியால் இயல வேண்டும். மிதிகளை முதலில் அருகே நகர்த்துவர். அதுவும் போதாதபோது முதுகுப் பக்கம் கெட்டியான அட்டை வைக்கப்படும். இது நசுங்காததாக இருத்தல் அவசியம். வின்ச் மூலம் ஏவும்போது ஏற்படும் முடுக்கத்தில் மெத்தை நசுங்கினால், விமானி பின்னோக்கிச் சறுக்கித் தண்டையும் உடன் இழுத்துவிடுவார்; மூக்கு சட்டென உயரும். தரைக்கு அருகில் இது பெரும்பாலும் மீளமுடியாத நிலையாகும்.

மெத்தை

உயரம் போதாதவர் வெளியே பார்க்க அடியில் மெத்தை தேவைப்படும். சாதாரணப் பஞ்சு மெத்தை இதற்கு ஆகாது. வானூர்தி தரையில் மோதி நின்றபின்னும் விமானியின் உடல் மெத்தையை நசுக்கிக்கொண்டு கீழிறங்கும். பிறகு கடினமான இருக்கையில் மோதும்போது முதுகெலும்பு முறியலாம். மெதுவாக அழுத்தினால் இளகி, திடீர் அடிக்கு இறுகும் ஆற்றல் உறிஞ்சும் நுரையே ஏற்றது. மெத்தை வைத்தபின் தலைக்கும் கண்ணாடிக் கூரைக்கும் இடைவெளி இருக்கிறதா, இடுப்புப்பட்டை வயிற்றுக்கு ஏறாமல் இடுப்பெலும்பின் மீதே படிகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

எடை

பல கிளைடர்களில் விமானியின் குறைந்தபட்ச எடை சுமார் 70 கிலோகிராம் ஆகும். அதற்குக் குறைந்தால் ஈர்ப்பு மையம் பின்னே நகர்ந்து, சுழல்வீழ்ச்சியிலிருந்து மீள்வது கடினமாகும். எனவே ஈயக் கட்டிகள் முன்பகுதியில் பொருத்தப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 58 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் குறைவது 12 கிலோகிராம். ஈர்ப்பு மையத்தின் பின் எல்லையிலிருந்து விமானி 1.2 மீட்டரும் ஈயம் 1.8 மீட்டரும் முன்னே இருப்பின், 12 × 1.2 ÷ 1.8 = 8 கிலோகிராம் ஈயம் போதும். கட்டிகள் திருகாணியால் இறுக்கப்படவேண்டும். இருக்கையடியில் தளர்வாக வைத்த எடை உருண்டு மிதிகளுக்கிடையே சிக்கலாம்.

அனுமதி

இருக்கையை வெட்டுதல், புதிய துளையிடுதல் போன்ற நிலையான மாற்றங்களுக்கு வானூர்திப் பொறுப்பு அமைப்பின் ஒப்புதல் தேவை. இந்தியாவில் இது குடிமை வான்போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஆகும். எந்த மாற்றமானாலும், பட்டைகளை முழுதும் இறுக்கிய நிலையில் அனைத்துக் கட்டுப்பாடுகளையும் அவற்றின் எல்லைவரை இயக்கிப் பார்த்த பின்னரே பறக்கவேண்டும்.